காஸ் பூக்கள் பார்க்கப் போகும்போது ஏரிக்கரையில் டென்ட் வேண்டுமா?

செம்பூர் வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நம்ம குழுவோட மழைக்காலப் பயணம் இந்த வருஷம் மகாராஷ்டிரத்துல சதாராவுக்கு மேலே இருக்கிற காஸ் பீடபூமி. செப்டம்பர் மூணாவது வாரம், பூ நல்லா இருக்கிற நேரம். வெள்ளி ராத்திரி மும்பை சயான்லேர்ந்து பஸ், சனிக்கிழமை காலையில காஸ், சாயங்காலம் கீழே இறங்கி பாம்னோலி கிராமம். கொய்னா அணையோட நீர்த்தேக்கம் அங்க வரைக்கும் வருது, சிவசாகர் ஏரின்னு சொல்வாங்க. அது கரையில டென்ட் போட்டு ராத்தங்கல். ஞாயிறு சாயங்காலம் வீடு. குழந்தைகளோட நாப்பது பேர் பேர் கொடுத்திருக்காங்க.

வாட்ஸ்அப் குழுவில ஒருத்தர், "பூ பார்க்கப் போற பயணத்துல டென்ட்டும் கேம்ப்ஃபயரும் எதுக்கு? அதை நீக்கினா வர்றேன், இல்லைன்னா என் பேரை அடிச்சிடுங்க"ன்னு எழுதியிருந்தாங்க. அங்க நீளமாப் பேச முடியாது. இங்க பேசி முடிவு பண்ணுவோம். முன்பணம் இன்னும் கட்டலை.

மலைக்காற்று:
எழுதியது நான்தான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸ் என்பது கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் கிடக்கிற பெரிய செம்புரைப் பாறைத் தட்டு. பல இடங்களில் அதன்மேல் மண் ஒரு விரல் ஆழம்கூடத் தேறாது. மரம் வேர் பிடிக்க வழியில்லை. மழை பெய்யும் நாலு மாதத்துக்குள் முளைத்து, பூத்து, விதை போட்டு முடித்துக்கொள்ளும் சிறு செடிகள்தான் அங்கே பிழைக்கும். பூக்கும் தாவரங்கள் மட்டும் 850 வகைக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது காஸும் அதில் இடம்பெற்றது.

படங்களில் எல்லோரும் பார்க்கிற அந்த ஊதா விரிப்பு, யூட்ரிகுலேரியா. மராத்தியில் சீதேச்சி ஆசவே என்பார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். தண்டு தையல் நூல் கனம்தான். ஈர மண்ணுக்குள்ளே கடுகைவிடச் சின்னதாகப் பைகள் இருக்கும். பக்கத்தில் வரும் நுண்ணுயிரைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்ணில் கிடைக்காத சத்தை அந்தச் செடி அப்படித்தான் தேடிக்கொள்கிறது. பாறைமேல் கசிந்து ஓடும் மெல்லிய நீர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஒரு ஷூ அழுந்திப் பள்ளம் விழுந்தால் நீர் அங்கே தேங்கும், பக்கத்தில் காயும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு டென்ட் ஆசையோடு வருகிறவர்கள் பூவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். "சீக்கிரம் கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள போகணும்" என்று விரட்டல். அந்த அவசரத்தில்தான் பாதையை விட்டு உள்ளே இறங்கிப் படம் எடுப்பார்கள். கரையில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், பிளாஸ்டிக் தட்டு. மேலே இருக்கும் காஸ் ஏரி சதாரா ஊருக்குக் குடிநீர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பூவும் டென்ட்டும் ஒரே பயணத்தில் வேண்டாம். அவ்வளவுதான் என் கோரிக்கை.

தாராவி நெல்லையான்:
அக்கா, மரியாதையோடதான் சொல்லுதேன். நீங்க ரெண்டு இடத்தை ஒண்ணாக் குழப்புதீங்க. டென்ட் பீடபூமி மேல இல்ல. பாம்னோலி அங்கேருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல, மலைக்குக் கீழ. அங்க நாம படுத்தா யூட்ரிகுலேரியாவுக்கு என்ன ஆகப்போகுது?

அந்த ஏரி எப்படி வந்துச்சுன்னு யாராவது யோசிச்சீங்களா? கொய்னா அணை கட்டினப்போ எத்தனையோ ஊர் தண்ணிக்குள்ள போச்சு. வயல், வீடு, கோயில் எல்லாம். இன்னைக்கு 1,960 மெகாவாட் கொய்னா மின் திட்டம் ஓடுது. கரன்ட் பூரா மாநிலத்துக்குப் போகுது, கரையில மிச்சம் இருக்கிற சனத்துக்குக் கையில கொஞ்சம் மேட்டு நிலம்தான். படகு ஓட்டுறது, பாக்ரி ரொட்டி சுட்டுப் போடுறது, டென்ட் போட இடம் கொடுக்கிறது, இதுதான் அவங்க வருமானம். அதுவும் வருஷத்துல சில மாசம். நாம நாப்பது பேர் போனா நாலு வீட்டுல அடுப்பு எரியும். வீட்டுல உக்காந்து "இயற்கையைக் காப்பாத்துங்க"ன்னு சொல்றது நமக்கு சுலபம். அதுக்கு விலை கொடுக்கிறது அவங்க.

இன்னொண்ணு, மிதிச்சா செத்துரும்னு சொன்னீங்களே. காலங்காலமா அந்தப் பீடபூமியில மாடு மேஞ்சிருக்கு. வனத்துறை கம்பி வேலி போட்டுச்சு, மேய்ச்சல் நின்னுச்சு, புல்லு மண்டிப் பூ கொறைஞ்சு போச்சுன்னு ஊர்க்காரங்களே சொன்னாங்க. அப்புறம் வேலியை எடுத்தாச்சு. அப்போ மாட்டுக் காலு ஆகும், மனுசக் காலு ஆகாதா?

முலுண்ட் அம்மா:
நெல்லையான் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. என் பையன் பிறந்ததிலிருந்து பதினாலாவது மாடி. செடின்னா அவனுக்கு பால்கனித் தொட்டி. ஒரு ராத்திரியாவது தரையில படுத்து, தவளைச் சத்தம் கேட்டு, நட்சத்திரம் பார்க்கணும்னு கேட்டுட்டே இருக்கான். டென்ட்டுன்னு சொன்னதாலதான் அவன் "பூ பார்க்க வர்றேன்"ன்னே ஒத்துக்கிட்டான்.

ஒரு கேள்வி மட்டும். பெண்களுக்குக் கழிப்பறை எப்படி? போன வருஷம் வேற ஒரு ஏரிக்கரையில நாப்பது டென்ட்டுக்கு ரெண்டு கழிப்பறை, தண்ணீர் டிரம்மில. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டு. அது மாதிரின்னா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்.

ரயில் தாத்தா:
அம்மா, செப்டம்பரில் அங்கே நட்சத்திரம் தெரியாது. மழைக்காலம் முடியாத நேரம். மூடுபனியும் மேகமும் ஏரிவரைக்கும் இறங்கி நிற்கும். ராத்திரி மழை பிடித்தால் டென்ட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும். அட்டை இருக்கும், பாம்பு மேட்டுக்கு ஏறி வரும். குளிர் தாங்காமல் சிலர் கரி அடுப்பை டென்ட்டுக்குள் எடுத்துப் போகிறார்கள், அதைப்போல ஆபத்து வேறு கிடையாது. மூடின கூடாரத்தில் கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். வாசனைகூடத் தெரியாது.

பயணக் கணக்கைச் சொல்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். காஸுக்கு ஒரு நாளைக்கு 3,000 பேர் என்று வரம்பு வைத்து, ஆன்லைனில் நேரம் பிரித்து அனுமதிச் சீட்டு தருகிறார்கள். விடுமுறை நாளில் அந்தச் சீட்டும் கிடைக்காது, கிடைத்தாலும் மலைப்பாதையில் வண்டி நகராது. வியாழன் காலை மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் கொய்னா எக்ஸ்பிரஸ் பிடித்தால் பிற்பகலில் சதாரா. அங்கிருந்து மேலே 25 கிலோமீட்டர்.

மலைக்காற்று:
நெல்லையான் தம்பிக்குப் பதில்.

மேய்ச்சல் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரிதான். புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்தால்தான் சின்னப் பூக்களுக்கு வெயில் விழும். ஆனால் மாடு மேய்கிற விதம் வேறு. அது புல் இருக்கிற பக்கமெல்லாம் பரவி நடக்கும், நாளைக்கு வேறு திசையில் போகும், சாணம் போட்டு மண்ணுக்கும் கொடுக்கும். நாம் எங்கே அடர்த்தியாகப் பூத்திருக்கிறதோ அந்த ஒரே இடத்துக்குத்தான் ஆயிரக்கணக்கில் போய் நிற்கிறோம். மஞ்சள் ஸ்மித்தியா இருக்கிறதே, இரண்டு சிவப்புப் புள்ளியோடு, குழந்தைகள் மிக்கி மவுஸ் பூ என்று சொல்வது. அது கண்ணில் பட்டவுடன் எத்தனை பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே காலை வைக்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். மிதிபட்ட செடி அந்த வருஷம் விதை போடாது. அடுத்த வருஷம் அந்த இடத்தில் வெறும் பாறை.

கொய்னா மக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். டென்ட் போடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களா? கரையோர நிலத்தைப் புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் குத்தகைக்கு எடுத்து டென்ட் அடுக்கினால், ஊர்க்காரர் தன் மண்ணிலேயே பாத்திரம் கழுவுகிற வேலைக்குத்தான் போவார். அடுப்பு எரிய வேண்டும் என்றால் ஊர் வீட்டிலேயே தங்குவோமே. கடலைமாவு பிட்லா, பாக்ரி, மிளகாய்த் தேச்சா என்ற சட்னி, மேலே ஓடு, கீழே பாய். மழையும் உள்ளே வராது. கொடுக்கிற பணம் அந்த வீட்டுப் பெண் கையில் நேராகப் போகும். சுற்று ஊர்களில் அப்படித் தங்க வைக்கிற வீடுகள் இருக்கின்றன.

போரிவிலி மூலை:
எனக்கு ஒன்று புரியவில்லை. பூ பார்க்க 250 கிலோமீட்டர் எதற்கு? நம் ஊருக்குள்ளேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. உள்ளே துளசி, விகார் என்று இரண்டு ஏரிகள். அங்கே கார்வி என்ற செடி எட்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2016-ல் பூத்தது, 2024-ல் மறுபடி மலைச்சரிவு முழுக்க ஊதா. நம்ம குறிஞ்சியின் இனம்தான் அது. கொடைக்கானல், மூணாறுக்கு 12 வருஷம் காத்திருந்து போகிற நம்மில் எத்தனை பேர் லோக்கல் ரயிலில் போரிவிலி வந்து கார்வியைப் பார்த்தோம்? காஸை விட்டுவிட்டால் காஸ் பிழைத்துக்கொள்ளும்.

தாராவி நெல்லையான்:
போரிவிலி அண்ணே, கார்வி பூத்தப்போ நானும் வந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு வருசமும் பூக்காதே. காஸ்ல இருக்கிற பூவுல எத்தனையோ மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா வேற எங்கயும் கிடையாது. சதாரா பேரையே வச்சிருக்கிற அப்போனோஜெட்டான் சதாரென்சிஸ், பாறைக் குட்டையில ரெட்டைக் கதிரா நிக்கும். நேர்ல பாக்காதவனுக்கு அதுமேல பாசம் எப்படி வரும்? நாளைக்கு அந்தப் பாறையில ரிசார்ட் கட்டணும்னு ஒருத்தன் வந்தா, கண்ணால பாத்தவன்தான் கேள்வி கேப்பான்.

அக்கா, ஊர் வீட்டுல தங்குறது நல்ல யோசனை, அதை ஒத்துக்கிடுதேன். வெளியூர் ஆளு நிலம் எடுக்கிறதும் நிஜம்தான். ஆனா டென்ட்டுன்னாலே ஸ்பீக்கரும் குடியும்தான்னு ஒரே கோட்டுல எழுதாதீங்க. கரையிலயே பொறந்த பையன் தன் வயல் ஓரத்துல பத்து டென்ட் போட்டிருப்பான். நேரா அவன்கிட்ட பேசினா ஜெனரேட்டரும் இருக்காது, பாட்டும் இருக்காது. அவனை விட்டுட்டு ஓட்டு வீடு இருக்கிறவனுக்கு மட்டும் காசு கொடுக்கிறது என்ன நியாயம்?

முலுண்ட் அம்மா:
வீட்டில தங்கினா கழிப்பறைக் கவலை எனக்கு இல்லை. பையனுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை.

ரயில் தாத்தா:
பையனுக்கு பண்டாரதரா இருக்கிறது அம்மா. டிசம்பரில் போங்கள். வில்சன் அணை 1926-ல் முடிந்தது, அதன் பின்னால் ஆர்தர் ஏரி. ரதன்வாடியில் ஏரியின் கடைசி முனைக்குப் பக்கத்தில் அம்ருதேஷ்வர் கோயில், கல்லில் அவ்வளவு நுணுக்கமான வேலை. எதிரே 1,646 மீட்டர் கல்சுபாய், மகாராஷ்டிரத்தின் உச்சி. அந்த மாதத்தில் மழை கிடையாது, தரை காய்ந்திருக்கும், வானம் சுத்தமாக இருக்கும். நட்சத்திரம் பார்க்க அதுதான் நேரம். இகத்புரிவரை ரயில், அதன்பிறகு ஜீப். அதுவும் சரணாலயத்தை ஒட்டின இடம், அதனால் பாட்டு கூடாது.

மலைக்காற்று:
நெல்லையான் தம்பி, வயல் ஓரத்தில் பத்து டென்ட் போட்டிருக்கிற பையனோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் நாம் நாற்பது பேர். பத்து டென்ட்டில் அடங்க மாட்டோம். அடுத்த வருஷம் அவன் இருபது போடுவான், பக்கத்து வயல்காரர் முப்பது போடுவார். எதிர்க்கரை கொய்னா சரணாலயம், 2010-லிருந்து சஹ்யாத்ரி புலிகள் காப்பகத்தின் பகுதி. அந்தப் பக்கம் வாசோட்டா கோட்டைக்குப் போகிறவர்களையே ராத்திரி தங்கவிடாமல் சாயங்காலம் திருப்பி அனுப்புகிறார்கள். தண்ணீர் மேல் வெளிச்சமும் சத்தமும் தடையில்லாமல் போகும். கரையில் நம் பக்கம் மட்டும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

செம்பூர் வாசி:
எல்லாம் படிச்சேன். இப்ப என் கையில இருக்கிற முடிவு இது. வெள்ளி ராத்திரி கிளம்பி சனிக்கிழமை பூ பார்க்கிற திட்டம் வேண்டாம். தாத்தா சொன்னபடி வியாழன் கிளம்பி, வெள்ளி காலை முதல் நேரத்துக்கே காஸ். முழுக் காலையும் பூவுக்கு மட்டும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேருக்கு மேல வேண்டாம், அந்த ஊர்க்காரங்களே வழிகாட்டியா வர்றாங்க. தங்கறது பாம்னோலி பக்கம் ஊர் வீடுகள்ல, நாலு வீடு தேவைப்படும். வார நாள்னு தெரிஞ்சதும் நாப்பது இருபத்தாறு ஆயிடுச்சு, லீவு கிடைக்காதவங்க விலகிட்டாங்க. கேம்ப்ஃபயர் இல்லை. மலைக்காற்று அக்கா, உங்க பேரை மறுபடி சேர்த்திருக்கேன்.

மலைக்காற்று:
வருகிறேன். எல்லோரும் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து வாருங்கள், சின்னது போதும். டிரோசெரா என்ற பூச்சி பிடிக்கிற செடியின் இலை மயிர்களின் நுனியில் பசைத்துளி நிற்பதை அது இல்லாமல் சரியாகப் பார்க்க முடியாது.

தாராவி நெல்லையான்:
எனக்கு லீவு இருக்கு, நானும் வாரேன். ஆனா என் கருத்து மாறலை. வீடு இல்லாத பையனோட வயலுக்கும் ஒரு வருமானம் வேணும். அவன்கிட்ட படகாவது எடுப்போம், இருபத்தாறு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு நானே முன்னாடி போன் பண்ணிக் கேட்டுடுதேன். பண்டாரதரா டென்ட்டுக்கு யாராவது தனித் திரி தொடங்குங்க. முலுண்ட் அக்கா பையன் பேரை அதுல முதல்ல போடுங்க.

போரிவிலி மூலை:
நான் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வர முடியாதவர்கள் ஞாயிறு காலை 7.30-க்கு தேசியப் பூங்கா வாசலுக்கு வாருங்கள். மழைக்காலச் செடிகளைப் பார்த்து நடப்போம், 11 மணிக்கு வீடு.