ஆழ்துளைக் கிணற்று நீரும் கழுத்து வீக்கமும்: நம்மவர் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் அத்தை:
என் நாத்தனார் குடும்பம் இங்கே தென்னாப்பிரிக்காவில், பிலானஸ்பர்க் மலையடிவாரத்தில் இருக்கிறது. குடிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பிள்ளைகள் இருவருக்கும் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு மூத்தவளுக்கு அட்டிகை கட்டினேன். போன வருடம் தளர்வாக இருந்தது, இந்த முறை கொக்கி எட்டவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தேன். விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே ஒரு மேடு ஏறி இறங்கியது. இரத்தத்தில் டிஎஸ்எச், அதாவது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், கூடியிருந்தது. பல்லைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவராவது கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? நீரையும் சோதிக்கச் சொன்னேன்: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், இவர்கள் கிணற்றில் அதைவிட மிக அதிகம்.

டர்பன் ஆய்வகத் தம்பி:
அத்தை, தைராய்டுக்குத் தேவையான அயோடினின் இடத்தை ஃபுளோரைடு பிடித்துக்கொள்கிறது என்று பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். தைராய்டு செல் அயோடைடை உள்ளே இழுக்கும் வாசலை அடைப்பது பெர்குளோரேட் என்ற வேறொரு வேதிப்பொருள். ஃபுளோரைடு அப்படிச் செய்வதில்லை. அது நுழைவது வேறு இடத்தில். டிஎஸ்எச் கொண்டுவரும் கட்டளையை ஜி புரதம் செல்லுக்குள் கடத்துகிறது. அலுமினியத்துடன் சேர்ந்த ஃபுளோரைடு பாஸ்பேட் போலப் போய் அந்தப் புரதத்தில் உட்கார்ந்துகொள்ள, டிஎஸ்எச் வராமலே கட்டளை கிளம்புகிறது. ஆனால் ஆய்வகத்தில் இதைக் காட்டப் பயன்படுத்தும் அளவு, நம் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. மனிதரிடமும் சான்று உண்டு: தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளுக்கு ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் கலெட்டியும் ஜோயேவும், சிலருக்குச் சுரப்பி அயோடினை ஏற்பது குறைந்தது என்று 1958-இல் எழுதினார்கள். எனவே பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கிம்பர்லி ஆசிரியை:
எங்கள் வடக்கு கேப் மாகாணத்துக் குழந்தைகளைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அயோடின் குறைவு இல்லாத ஊர்களிலும் முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், இருந்தது. நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில்தான் அதிகம். 1995 முதல் உப்பில் அயோடின் கட்டாயம் என்பதால், மருத்துவர்கள் உப்பை மட்டும் விசாரித்து அனுப்பிவிடுகிறார்கள். என் வகுப்பில் பல் கறுத்த பிள்ளை வந்தால், கழுத்தையும் காட்டுங்கள் என்று தாயிடம் சொல்லிவிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் அத்தை:
நாத்தனார் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். போதுமா தம்பி?

டர்பன் ஆய்வகத் தம்பி:
போதாது அத்தை. நீர் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கிவிடும். செறிவு கூடத்தான் செய்யும். நீரை மென்படலம் வழியே அழுத்தி வடிகட்டும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் கருவி வைக்கச் சொல்லுங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் வாங்கட்டும். குளிக்க அந்தக் கிணற்று நீரே போதும்.