பதிமூன்றில் தூங்கி முப்பதில் விழித்தவள்: அந்த முடிவு ஏமாற்று வேலையா?

அரைடிக்கெட்:
நேற்று மறுபடியும் 'தர்ட்டீன் கோயிங் ஆன் தர்ட்டி' (2004) பார்த்தேன். 1987-ல் தன் பதிமூன்றாவது பிறந்தநாளில் அலமாரிக்குள் அழுதுகொண்டே முப்பது வயதாக வேண்டும் என்று வேண்டுகிறாள் ஜென்னா. கண் விழித்தால் நியூயார்க்கில் ஃபேஷன் பத்திரிகை வேலை. நடுவில் போன 17 வருடம் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஜெனிஃபர் கார்னர் பிரமாதம், அதில் சண்டையில்லை. முடிவுதான் கசக்கிறது. அவளுடைய சிறுவயதுத் தோழன் மாட் (Matt); அவனுக்கு வெண்டி என்ற வேறொருத்தியோடு கல்யாணம். இவள் உட்கார்ந்து அழ, மந்திரத்தூள் பறக்க, திரும்ப 1987! அடுத்த காட்சியில் இவளுக்கும் மாட்டுக்கும் கல்யாணம். கேள்வித்தாளை முதல்நாளே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி இல்லையா?

மேட்னிராணி:
காதல் காமெடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஒப்பாரி கேட்டால் எப்படி? அவள் படாததா? சொந்தப் பத்திரிகையின் விஷயங்களைப் போட்டியாளருக்குக் கொடுத்தது, சக ஊழியரின் கணவனோடு தொடர்பு, பெற்றோரை எட்டிக்கூடப் பார்க்காதது. எல்லாமே தான் செய்தது என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். ஊருக்கு ஓடிப்போய், அப்பா அம்மா படுக்கையில் நடுவில் நுழைந்து படுத்துக்கொள்வாளே, முப்பது வயது உடம்போடு! அங்கே சிரிப்பு வரவில்லை எனக்கு.

அரைடிக்கெட்:
நல்லவேளை, நீங்களே ஊர்ப்பக்கம் போனீர்கள். அங்கேதான் அம்மா சொல்கிறாள்: தப்பு செய்ததற்கு வருத்தமில்லை, செய்யாவிட்டால் சரிசெய்யக் கற்றிருக்க மாட்டேன் என்று. படத்திலேயே உருப்படியான பேச்சு அது. கடைசியில் மகளின் அத்தனை தப்பையும் ரப்பர் வைத்து அழித்துவிடுகிறார்கள். அம்மா பேச்சு காற்றோடு போச்சு.

நூலகத்துப்பூனை:
இதற்குத்தான் 'பிக்' (1988) பாருங்கள் என்பது. அதில் திடீரென்று பெரிய ஆளாகிவிட்ட டாம் ஹாங்க்ஸ், கடைசியில் 12 வயதுப் பையனாகவே திரும்பிப் போகிறான். காதலி சூசன் அவனோடு வர மறுக்கிறாள், அந்த வயதை ஒருமுறை கடந்தது போதும் என்று. தொளதொள கோட்டோடு பையன் வீட்டுக்கு நடக்கிறான். இழப்பு இழப்பாகவே நிற்கிறது.

மேட்னிராணி:
அந்தச் சூசன் யாரோடு இரவைக் கழித்தாள் என்று யோசித்தீர்களா? 12 வயதுப் பையனோடு! பெற்ற தாய் பிள்ளையைக் கடத்திவிட்டார்கள் என்று தவிக்கிறாள், படம் பாட்டுக்குச் சிரிப்பு மூட்டிக்கொண்டு போகிறது. ஜென்னா படம் அந்தச் சிக்கலைத் தெரிந்தே கையாளுகிறது. ஹாக்கி வீரக் காதலன் சட்டையைக் கழற்றினால் ஜென்னா மிரள்கிறாள். உணவகத்தில் தோழிகள் ஒரு வாட்டசாட்டமான ஆளைக் காட்ட, இவள் நேரே போய்ப் பேசுவது 13 வயதுப் பையனிடம்! மாட்டோடு முத்தத்தைத் தாண்டிக் கதை போகவேயில்லை.

நூலகத்துப்பூனை:
சரி, சூசன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. 'பிக்' முடிவு பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

அரைடிக்கெட்:
பையன் காட்சி நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணமேடைக்குத் தயாராகி நின்ற வெண்டி? அவளை யாராவது கேட்டார்களா?

மேட்னிராணி:
புது 17 வருடத்தில் வெண்டிக்கு மாட்டைத் தெரியவே தெரியாதே. என்ன போச்சு அவளுக்கு?

அரைடிக்கெட்:
அட, நமக்குத் தெரியுமே!