80 ஆண்டுக் கோட்டைத் தாண்டிய லீஸ்: நீட்டித்தவர்களின் அனுபவங்கள்

ஈஸ்ட்ஹாம் உறுப்பினர்:

ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்குவதற்கே உறுதியை வரிக்கு வரி வாசித்துப் பார்த்தவர் என் தந்தை. அவருடைய மகனாகிய நான், 2007 ஏப்ரலில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கியபோது, வீடு எத்தனை ஆண்டுகளுக்கு நம்முடையது என்று சொல்லும் லீஸ் (குத்தகை) பத்திரத்தின் முதல் பக்கத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. 1989 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள் என்று அதில் இருந்தது. மீதி 81 ஆண்டுகள், நம் ஆயுளுக்கு அது போதும் என்று எண்ணிவிட்டேன். மறு ஆண்டு ஜூனிலேயே அது 80-க்குக் கீழே இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் நீட்டிப்புக்கான விலையில் 'மேரேஜ் வேல்யூ' என்றொரு தொகை சேரும் என்பதும், லீஸ் நீள்வதால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுமோ அதில் பாதி நிலத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குப் போகும் என்பதும், 2019-இல் மோர்ட்கேஜை வேறு வங்கிக்கு மாற்றப் போய், 69 ஆண்டு லீஸுக்குக் கடன் தர இயலாது என்று அங்கே கைவிரித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தன.

ஃப்ரீஹோல்டரின் முகவருக்குக் கடிதம் எழுதினேன். கூரை ஒழுகுகிறது என்று எழுதினால் மூன்று மாதம் மௌனம் காக்கும் அவர்களிடமிருந்து ஒரே வாரத்தில் பதில் வந்தது. 14,000 பவுண்ட் கொடுத்தால் லீஸை மீண்டும் 99 ஆண்டுகளாக்கித் தருவதாகவும், வழக்கறிஞர் இழுபறி எதுவும் இல்லாமல் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்றும் மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். கையெழுத்திடும் முடிவில்தான் இருந்தேன். இரண்டாம் பக்கத்தில், ஃப்ரீஹோல்டருக்கு நாங்கள் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட், ஆண்டுக்கு 100 பவுண்டாக இருந்தது, 250 ஆகும் என்றும், பிறகு 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்றும் இருந்ததை என் மனைவிதான் கண்டுபிடித்தார். கோயில் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் அவர் 250, 500, 1,000, 2,000 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போய், 61-ஆம் ஆண்டில் 4,000 பவுண்ட் என்று நிறுத்தி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இத்தனைக்கும் 69-ஐ 99 ஆக்குவதில் நமக்குக் கிடைப்பது முப்பது ஆண்டுகள்தான்.

சட்ட வழி வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீதியிருக்கும் காலத்தோடு 90 ஆண்டுகள் கூட்டித் தர வேண்டும், எனவே எனக்கு 159 ஆண்டுகள் கிடைக்கும். கிரவுண்ட் ரென்ட் ஒரு மிளகாகக் குறைந்துவிடும். சட்டத்தின் சொல்லே அதுதான், 'பெப்பர்கார்ன்'. எங்கள் வீட்டு ரசத்துக்குக்கூடப் போதாத வாடகை!

விலையை மதிப்பிட ஒரு சர்வேயரை அமர்த்தி, நீட்டிப்புக் கோரும் 42-ஆம் பிரிவு நோட்டீஸை, 16,000 பவுண்ட் தருவதாகச் சொல்லி, சொலிசிட்டர் வழியாக ஃப்ரீஹோல்டருக்கு அனுப்பினோம். பதில் நோட்டீஸ் கொடுக்க அவர்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். கடைசி வாரத்தில் 29,000 என்று பதில் வந்தது. இடையில் அவர்களுடைய சர்வேயர் வீட்டைப் பார்க்க வந்தார். லேசர் கருவியால் அறைகளை அளந்துவிட்டு, சமையலறை அலமாரிகளைத் தட்டிப் பார்த்து, "இவை எப்போது போட்டவை?" என்று கேட்டார். எங்கள் செலவில் செய்த மேம்பாடுகளை விலையில் சேர்க்கக் கூடாது என்று எங்கள் சர்வேயர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், 2012-ஆம் ஆண்டு ரசீதை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு வேறெதுவும் பேசாமல் போய்விட்டார்.

நான்கு மாதப் பேரத்தில் 21,500-க்கு இணங்கினார்கள். அத்தோடு செலவு முடியவில்லை. நம் சர்வேயர், சொலிசிட்டர் கட்டணங்கள் போக, ஃப்ரீஹோல்டரின் மதிப்பீட்டுச் செலவையும் நியாயமான சட்டச் செலவையும் நாமே ஏற்க வேண்டும் என்பது விதி. எல்லாம் சேர்ந்து மேலும் 4,000 பவுண்டுக்கு மேல் ஆனது. எதிராளியின் வக்கீலுக்கும் நாமே படியளப்பது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

ஹாரோ உறுப்பினர்:

தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலையில் இணக்கம் ஏற்படாவிட்டால், பதில் நோட்டீஸ் கிடைத்து இரண்டு மாதங்களுக்குப் பிறகும் ஆறு மாதங்களுக்கு உள்ளும் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று மின்னஞ்சலில் இழுத்துக்கொண்டே போக, என் சொலிசிட்டர் அந்தக் கடைசி நாளைத் தவறவிட்டார். என் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்பட்டது. அதுவரை ஆன அவர்களுடைய செலவையும் கட்டி, அடுத்த நோட்டீஸுக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருந்தேன். லீஸ் மட்டும் காத்திருக்கவில்லை, இன்னும் ஓர் ஆண்டு குறைந்து விலை ஏறியது. இரண்டாம் முறை அந்தத் தேதியை நானே சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.

குறோய்டன் உறுப்பினர்:

நான் 2025 மார்ச்சில் 76 ஆண்டு லீஸுடன் வாங்கினேன். முன்பெல்லாம் வாங்கி இரண்டு ஆண்டுகள் சொந்தமாக வைத்திருந்த பிறகே நோட்டீஸ் கொடுக்க முடியும். அதனால்தான், விற்பவரே நோட்டீஸ் கொடுத்து, அதன் உரிமையை வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை.

என் குழப்பம் வேறு. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பையும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பையும் எழுத்தில் தந்திருக்கிறது, ஆனால் நான் வாங்கியபோது அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. காத்திருந்தால் பெரும் தொகை மிச்சப்படலாம், தாமதமானால் மீதி ஆண்டுகள் கரையும். என் மோர்ட்கேஜின் நிலையான வட்டிக் காலம் 2027-இல் முடிகிறது. அதற்கு ஓராண்டு முன்பு வரை பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து, மதிப்பீட்டை மட்டும் இப்போதே செய்வித்து, நோட்டீஸின் வரைவைக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதில் விலைக்கான இடமும் தேதிக்கான இடமும் மட்டும் வெறுமையாக இருக்கின்றன.