ஸ்லைடில் வீடியோ கறுப்பு, சத்தம் மட்டும் வருகிறது. நாளை காலை பேச வேண்டும், உதவுங்கள்

அவசரக்குடுக்கை · இரவு 8:40
வணக்கம். நாளை காலை 10 மணிக்குப் பேச வேண்டும். ஸ்லைடில் ஒரு வீடியோ வைத்திருக்கிறேன். வீட்டில் நன்றாக ஓடியது. ஹாலில் போட்டுப் பார்த்தால் படம் கறுப்பு, சத்தம் மட்டும் கேட்கிறது. மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தாயிற்று. ஏதாவது செட்டிங் இருக்கிறதா? சீக்கிரம்.

கம்பிச்சுருள் · 8:46
எந்த மென்பொருள்? வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர், ஹாலில் எது? வீடியோ எதில் எடுத்தது? ஃபைல் பெயர் எதில் முடிகிறது?

மின்மினி · 8:49
வீடியோவையும் பென்டிரைவில் கூடவே எடுத்துப் போனீர்களா? பவர்பாயிண்ட் வீடியோவை உள்ளே வைக்காது, அது இருக்கும் பாதையை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். நானே மேடையில் நின்று முழித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள், தீர்ந்தது.

பழைய மானிட்டர் · 8:55
மின்மினி, கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் உண்டா? சத்தம் வருகிறது என்கிறார். ஃபைலே போகாமல் சத்தம் எங்கிருந்து வரும்? நீங்கள் சொல்வது 2007 வரைக்கும் இருந்த கதை. 2010 பதிப்பிலிருந்து, நாமாக ‘லிங்க்’ என்று தேர்ந்தெடுத்தால் தவிர, வீடியோ உள்ளேயே சேர்ந்துவிடும். இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

திரைச்சீலை · 8:58
புரொஜெக்டர்தான், சந்தேகமே வேண்டாம். பவர்பாயிண்ட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஸ்லைடு ஷோவுக்கான ஹார்டுவேர் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள்.

மின்மினி · 9:01
நான் உதவத்தான் வந்தேன் சார், திட்டு வாங்க இல்லை.

அவசரக்குடுக்கை · 9:14
பவர்பாயிண்ட்தான். என்னுடையது மேக், ஹாலில் விண்டோஸ். திரைச்சீலை சொன்னதைச் செய்தேன், மாற்றமில்லை. புரொஜெக்டரைக் கழற்றிவிட்டு மானிட்டரில் பார்த்தாலும் கறுப்புதான். வேடிக்கை என்னவென்றால், அதே கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் அழகாக ஓடுகிறது!

உப்புக்காற்று · 9:17
ஃபைல் பெயர் ‘.மவ்’ (mov) என்று முடிந்தால் ‘.எம்பி4’ என்று பெயரை மாற்றுங்கள். எனக்கு ஒருமுறை வேலை செய்தது.

பழைய மானிட்டர் · 9:20
சர்க்கரை என்று எழுதி நக்கினால் இனிக்குமா? மவ், எம்பி4 எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் படம் எந்தக் கோடெக்கில், அதாவது எந்த முறையில், சுருக்கப்பட்டது என்பதுதான் விஷயம். மேக், விண்டோஸ் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

கம்பிச்சுருள் · 9:22
ஐபோனில் எடுத்ததா? அப்படியானால் கோடெக் எச்இவிசி, அதாவது எச்.265. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து புது ஐபோன்கள் இயல்பாகவே அப்படித்தான் பதிகின்றன. மேக்குக்கு அது பழக்கம். விண்டோஸில் அதற்கென்று ஒரு நீட்சி இல்லாவிட்டால் படம் வராது. ஒலி வேறு கோடெக் என்பதால் அது மட்டும் கேட்கும். விஎல்சி தன் கோடெக்குகளைத் தானே சுமந்துகொண்டு வருகிறது, ஆகவே அதில் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஹால் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். உங்கள் மேக்கிலேயே மாற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்று வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்று உண்டு, இலவசம். அதில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற அமைப்பு போதும், எச்.264 எம்பி4 வரும், அது விண்டோஸிலும் ஓடும். பழைய வீடியோவை ஸ்லைடிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். அப்புறம் ஹாலிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐபோனில் கேமரா, ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்தால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

வீடியோ எவ்வளவு நீளம்?

அவசரக்குடுக்கை · 9:25
ஐபோன்தான். 4 நிமிடம். மாற்றிப் பார்க்கிறேன்.

நிழல்குடை · 9:31
4 நிமிடமா? அதுவரை மேடையில் நீங்கள் என்ன செய்வீர்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்களா? தேவையான 40 விநாடியை மட்டும் வெட்டி, ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். பவர்பாயிண்டிலேயே ‘ட்ரிம்’ உண்டு. ஆனால் மீடியாவைச் சுருக்கும் வரை வெட்டிய பகுதியும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும், எடை குறையாது.

திரைச்சீலை · 9:36
ஒலியை நிறுத்தினால் வீடியோ எதற்கு? படத்தையே ஒட்டிவிடலாமே.

நிழல்குடை · 9:40
அசைவைக் காட்டத்தான். கூடவே சப்டைட்டிலும் போட்டுவிடாதீர்கள். பேசுவதையே எழுத்தாகவும் காட்டினால் கண் எழுத்தின் பின்னால் ஓடிவிடும், படத்தைப் பார்க்காது. ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார்.

உப்புக்காற்று · 9:44
எனக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. எழுத்து இல்லாத வீடியோ எனக்கு ஊமைப்படம். உங்கள் உளவியலாளர் என்னைப் போன்றவர்களையும் உட்காரவைத்துத்தான் சோதித்தாரா?

நிழல்குடை · 9:49
நியாயம். நான் பொதுவாகச் சொன்னேன். பவர்பாயிண்டில் சப்டைட்டிலை விடிடி என்ற தனி எழுத்து ஃபைலாகச் சேர்த்தால் வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம்.

உப்புக்காற்று · 9:52
‘வேண்டும்’ என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டுமா?

பழைய மானிட்டர் · 9:55
கோடெக் கேள்விக்குக் கீழே பட்டிமன்றம். நடத்துங்கள்.

மின்மினி · 10:02
நீங்கள் மட்டும் ஒருமுறையாவது திட்டாமல் பதில் சொல்லுங்கள், நடத்துவதை நிறுத்திவிடுகிறோம்.

அவசரக்குடுக்கை · மறுநாள் காலை 9:38
ஓடுகிறது. நன்றி எல்லோருக்கும். ஓட வேண்டும்.

கம்பிச்சுருள் · 9:41
மகிழ்ச்சி. ‘கிளிக் செய்தால்’ என்று வைத்திருந்தால் மவுஸ் வீடியோ மேலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். தடுமாறினால் ஆல்ட்டும் பி-யும் (P) சேர்த்து அழுத்துங்கள், வீடியோ ஓடும்.

நிழல்குடை · மதியம் 1:15
40 விநாடியாக வெட்டினீர்களா, இல்லை முழு 4 நிமிடமும் ஓட்டினீர்களா?

நிழல்குடை · 3 நாள் கழித்து
?