ரம்மியில் ஸ்கூட் விடத் தெரியும், போக்கரில் தெரியவில்லை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

போக்கர் பழகிய புதிதில் வாங்கிய அடியை ஆளாளுக்குச் சொல்லுங்கள். முதல் அடி என்னுடையதாகவே இருக்கட்டும்.

எங்கள் பக்கம் சீட்டு என்றால் இரண்டுதான். தமிழ் வீடுகளில் ரம்மி, மலையாளத்துக்காரர்கள் கூடினால் இருபத்தெட்டு. போன ஓண லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பா மகன்தான் டெக்சஸ் ஹோல்டம் என்கிற போக்கரைச் சொல்லிக் கொடுத்தான். கையில் இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து, ஏழில் நல்ல ஐந்து உன் கை. காசு கிடையாது. மாமாவின் தோட்டத்துச் சாளையில் ஒரு மூட்டை புளியங்கொட்டை கிடந்தது, அத்தை ஆளுக்கு நூறு எண்ணிக் கொடுத்தார். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் வைக்க வேண்டிய பிளைண்ட், ஒன்றும் இரண்டும்.

நாற்பது நிமிஷத்தில் என் முன்னால் ஒரு கொட்டை இல்லை. வந்த கையெல்லாம் ஆடினேன். இரண்டும் ஆட்டின் என்றால் ஆடினேன். ஏஸ் இருந்தால் போதும், துணைக்கு மூன்று இருந்தாலும் ஆடினேன். கடைசி அடி ஜாக்கி-ஒன்பதில் விழுந்தது. இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்கு இது புரியும். அதில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸும் பத்தும் ஒவ்வொன்று, ராஜாவுக்கும் ராணிக்கும் சைபர். இருபது வருஷமாக ஜாக்கியைக் கண்டால் நெஞ்சு நிமிர்கிற ஆள் நான். வைப்பதா மடக்குவதா என்று முதலில் பேச வேண்டியவன் நானாக இருந்தும் பன்னிரண்டு கொட்டை தள்ளினேன். நடுவில் ஜாக்கி, ஏழு, மூன்று விழுந்தது. ஜாக்கி ஜோடி! மிச்சத்தையும் தள்ளிவிட்டேன். தம்பி விரித்தால் ஏஸ்-ஜாக்கி. அவனுக்கும் அதே ஜோடிதான், ஆனால் கூட நிற்கிற சீட்டு அவனுக்கு ஏஸ், எனக்கு ஒன்பது. கிக்கர் என்கிறார்கள் அதை.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "ஏன் மாப்ளே, ரம்மீல கை நாறுனா என்ன பண்ணுவ?"

"ஆடாம சீட்டைக் கவுத்து ஸ்கூட் விடுவேன் மாமா."

"இருபதோட போயிரும். வீம்புக்கு ஆடி மாட்டுனா எண்பது. இங்க பிளைண்ட்ல இல்லைன்னா ஸ்கூட்டு ஓசி. ஓசியில குடுத்தாலும் வேண்டாங்கறியே?"

அன்றைக்கு ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தம்பி எழுதிக் கொடுத்தான். இரண்டும் ஒரே இனமா இல்லையா என்று மட்டும் பிரித்துப் பார்த்தால் இரண்டு சீட்டுக் கை மொத்தம் 169 வகை. முதலில் பேசுகிற இடத்தில் இருந்தால் அதில் கொஞ்சம்தான் ஆட வேண்டும்: ஒன்பது ஜோடிக்கு மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே இனத்தில் வந்தால் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி. பட்டன், அதாவது சீட்டுப் போடுகிறவர் இடத்தைக் காட்டும் வில்லை, நம் முன்னால் இருந்தால் கையைத் தாராளமாகத் திறக்கலாம். ஏனென்றால் நடுச்சீட்டு விழுந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்கள் பேசி முடித்த பிறகுதான் பட்டன்காரன் பேசுவான். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேசுகிறவனுக்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு முதலில் பேசுகிறவனுக்கும் ஒரே சீட்டு ஒரே விலை ஆகாது. எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது இந்த இட விஷயம்தான். சீட்டு வரிசையை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

நகரியிலிருந்து:

எனக்குக் கை பார்க்கத் தெரிந்தது, வைக்கத் தெரியவில்லை. தறி ஓட்டுகிற கூட்டாளிகளோடு ஆட்டம். எங்கள் ஊரில் எந்தச் சீட்டாட்டமானாலும் 'பேகாட்ட'தான். நல்ல கை வந்தால் பெரிதாக வைப்பேன், சுமாரென்றால் சின்னதாக. பத்தாவது ஆட்டத்திலேயே எல்லோருக்கும் என் கை தெரிந்துவிட்டது.

அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு கூத்து. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். வந்தது. தந்திரமாக ஆடுகிறேன் என்று பிளைண்ட் அளவு மட்டும் வைத்துச் சும்மா இருந்தேன். ஐந்து பேர் மலிவாக உள்ளே வந்தார்கள். எதிரே ஒரே ஆள் என்றால் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். கண்டபடி ஐந்து பேர் இருந்தால் பாதிகூடத் தேறாது. எட்டு-ஐந்து வைத்திருந்த பையன் இரண்டு ஜோடி கட்டி வாரிக்கொண்டு போனான். இப்போது எந்தக் கையானாலும் ஏற்றினால் பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, எனக்கு முன்னால் வெறுமனே உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு. அளவு மாறாததால் யாராலும் படிக்க முடியவில்லை.

காசு வைத்து ஆடிய கதையும் உண்டு. 2020இல் ஆந்திராவில் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த பிறகு, திருத்தணியில் அக்கா வீட்டுக்குப் போகிற சாக்கில் எல்லையைத் தாண்டி போனைத் திறந்தவன் நான். எவ்வளவு போனது என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. 2025இல் நாடு முழுக்கவே சட்டம் வந்து கதவை மூடியது. அக்காவுக்கு நான் அடிக்கடி வராததில் வருத்தம்.

கம்பத்திலிருந்து:

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்குக் கொட்டைக்குப் பதில் தீக்குச்சி (ஏலக்காயைத் தொட்டால் முதலாளி தொலைத்துவிடுவார்). என் வியாதி ஃப்ளஷ், அதாவது ஐந்து சீட்டும் ஒரே இனம். கையில் இரண்டு இஸ்பேட், நடுவில் இரண்டு இஸ்பேட் என்றால் ஐந்தாவது வரும் வரை எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன்.

ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன், எனக்கென்று போட்டுப் பார்த்தது ரொம்பத் தாமதமாகத்தான். நடுவில் 40 குச்சி. ஒரே சீட்டு பாக்கி. எதிராளி 20 வைக்கிறார். இப்போது 60ஐப் பிடிக்க நான் 20 போட வேண்டும், அதாவது நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். நான் பார்க்காத சீட்டு 46, அதில் இஸ்பேட் 9. ஐந்தில் ஒரு தடவைதான். மடக்க வேண்டும். அவரே 10 வைத்திருந்தால் 50க்கு 10, ஆறில் ஒன்று போதும், தாராளமாகப் போகலாம். இவ்வளவுதான். ஒரே இனத்தில் இரண்டு சீட்டு வந்தாலே குதிக்கிறோமே, நடுவில் விழும் முதல் மூன்று சீட்டிலேயே ஃப்ளஷ் அமைவது நூற்றுக்கு ஒரு தடவைகூட இல்லை.

மறுபடி கொழிஞ்சாம்பாறை:

போன ஞாயிற்றுக்கிழமை சாளையில் ஆறு பேர். பட்டன் என் முன்னால். எனக்கு முன்னால் பேசியவர்கள் மூன்று பேரும் மடக்கிவிட்டார்கள், பாக்கி பிளைண்ட் வைத்த தம்பியும் மாமாவும்தான். சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தால் ஜாக்கி-ஒன்பது, இரண்டும் கிளாவர். எண்ணி ஆறு கொட்டை வைத்தேன். தம்பி மடக்கினான். மாமா தாடியைச் சொறிந்தார், என்னைப் பார்த்தார், அவரும் மடக்கினார்.

"காட்டு மாப்ளே, ஜாக்கிதானே?"

"ஸ்கூட் விட்டவங்களுக்கு காட்டறதில்லை மாமா."