புதுப்பிப்பு: அக்கான்ர லப்டொப்

கிளிநொச்சியில அக்கான்ர லப்டொப்பில இலவச அன்டிவைரஸ் ஒண்டு பிரவுசருக்குள்ளயும் தன்ர எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோட சேர்ந்து ஓடுற சின்ன மென்பொருளைப் போட்டிருக்கு, அழிக்கட்டோ எண்டு போன கிழமை கேட்டிருந்தன். ரெண்டையும் அழிச்சிட்டன்.

எக்ஸ்டென்ஷன்ர அனுமதியைத் திறந்து பாத்தா, போற எல்லா இணையத்தளத்திலயும் உள்ள தரவை வாசிக்கலாம், மாத்தலாம் எண்டு கிடக்குது. அக்கா காணி உறுதியும் அடையாள அட்டையும் அந்த பிரவுசரிலதான் அனுப்புறவ. நெஞ்சு திக்கெண்டுது.

வீண்பயம் எண்டு சொன்னாக்களுக்கு: பாவனையாளர்ர உலாவல் தரவை ஜம்ப்ஷொட் எண்ட துணை நிறுவனம் மூலம் வித்ததுக்கு, 2024இல அவாஸ்ட் எண்ட அன்டிவைரஸ் நிறுவனம் 1 கோடி 65 லட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது.

இப்ப விண்டோஸோட வாற டிஃபென்டர் எண்ட அன்டிவைரஸ்தான் ஓடுது. மற்றதை நீக்கினதும் தானாவே தொடங்கிச்சு. நேற்று போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில ஃபோல்டரெல்லாம் ஷோர்ட்கட்டா மாறிக் கிடந்தது. அது வைரஸ்ர வேலை, டிஃபென்டர் பிடிச்சிட்டுது. உறுதிப் படம் பத்திரமா இருக்கு.