மகள் சொல்லுறா "புத்தகம் பிழை, படம்தான் சரி" எண்டு – முதல்ல எதக் குடுத்திருக்கணும்?

டச்பே காத்து:

வணக்கம் எல்லாருக்கும், திருகோணமலை டவுன்தான் நான். என்ட மகளுக்கு 12 வயசு. போன லீவுக்கு லோர்ட் ஆஃப் த ரிங்ஸ் மூண்டு படத்தையும் தமிழ் டப்பிங்ல போன்ல பாத்துட்டா, ஒருக்கா இல்ல, நாலஞ்சு தரம். இவ்வளவு ஆசையெண்டா புத்தகத்தையும் வாசிக்கட்டும் எண்டு கொழும்புக்குப் போன நேரம் பழைய புத்தகக் கடையில முதலாம் பாகத்த இங்கிலீசுல வாங்கிட்டு வந்து குடுத்தன். டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சு மெல்ல மெல்ல வாசிச்சா, நானும் பெருமையா ஆக்களுக்குச் சொல்லித் திரிஞ்சன்.

போன கிழமை வந்து சொல்லுறா, "அப்பா இந்தப் புத்தகம் பிழை". என்ன பிள்ளை பிழை எண்டு கேட்டா, டொம் பொம்படில் எண்டு ஒரு ஆள் வாறாராம், மஞ்சள் சப்பாத்து, தொப்பியில இறகு, எந்த நேரமும் பாட்டு, போட்டா ஆள் மறையுற அந்த மோதிரத்த விரல்ல போட்டும் மறையுறார் இல்லயாம், படத்துல இப்பிடி ஒருத்தர் இல்லவே இல்லயே, அப்ப எழுதின டோல்கீன் சும்மா இடையில செருகியிருக்கிறாராம். புத்தகம் 1954, படம் 2001. இவட கணக்குல படம்தான் மூத்தது!

சிரிச்சிட்டு விட்டன், ஆனா பிறகு யோசிச்சா கொஞ்சம் கவலையாவும் கிடக்கு. முதல்ல புத்தகத்தக் குடுத்திருக்கணுமோ? பிபிசி 1981ல செய்த ரேடியோ நாடகம் ஒண்டு நல்லம் எண்டு கேள்விப்பட்டன், அதக் கேக்க வைக்கலாமோ? இப்பிடிப் படமாவும் ரேடியோவாவும் எடுத்து எடுத்து கடைசியில கதையில என்னதான் மிஞ்சும்?

லைப்ரரிப் பூனை:

முதல்ல மகளுக்கு என்ட வாழ்த்து, அந்தப் புத்தகத்துல பொம்படில் வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய விசயம், பெரியாக்கள் கனபேர் அந்த இடத்துலதான் மூடி வைக்கிறது.

மிஞ்சிறது என்ன எண்டு கேட்டீங்க. நான் பாத்தவரைக்கும் புத்தகத்துல இருந்தபடி எடுத்தது எல்லாம் மறந்து போகும், மாத்தினதுதான் நிக்கும். விசர்க்கதை மாதிரித்தான் இருக்கும், ஆனா பாருங்க. விசர்ட் ஆஃப் ஓஸ் 1900ல வந்த புத்தகம், அதுல டொரத்தி எண்ட பிள்ளைட சப்பாத்து வெள்ளி. 1939ல படம் எடுக்கேக்க டெக்னிக்கலர் எண்ட கலர் முறை ஓரளவு புதுசு, கலர் பளிச்செண்டு தெரியோணும் எண்டு சிவப்பாக்கிப் போட்டாங்கள். இண்டைக்கு உலகத்துல யாரைக் கேட்டாலும் சிவப்புச் சப்பாத்துத்தான். ஷூட்டிங்ல போட்ட ஒரு சோடி 2005ல களவு போய், பிறகு கிடைச்சு, 2024 டிசம்பர்ல ஏலத்துல கமிசனோட சேத்து 32.5 மில்லியன் டொலருக்குப் போச்சுது. எழுதினவர்ட கதையில இல்லவே இல்லாத ஒரு சப்பாத்துக்கு!

இது வெள்ளைக்காரன்ட பழக்கம் மட்டும் எண்டு நினையாதீங்க. வால்மீகியில ராவணன் சீதையத் தொட்டுத்தான் தூக்கிக்கொண்டு போறான். கம்பருக்கு அது மனசுக்கு ஒப்பேல்ல, பர்ணசாலையோட சேத்து நிலத்தையே பேத்துத் தூக்க வச்சுட்டார். நம்மட ஆக்கள் எந்த மேடையில கதை சொன்னாலும் கம்பர்ட சீன்தான். லட்சுமணன் கோடு கிழிச்சது வால்மீகியிலயும் இல்ல, கம்பர்லயும் இல்ல, ஆனா டீவி பாத்து வளர்ந்த பிள்ளையிட்ட போய் இல்லயெண்டு சொல்லிப் பாருங்க, உங்கட மகள் மாதிரியே சண்டைக்கு வரும்.

கோயிலடி:

ராமாயணத்த ஃபேன்டஸி கதையளோட ஒண்டாப் போட்டுக் கதைக்கிறது சரியில்ல. நம்மட கோணமலையில ராவணன் வாளால வெட்டின பிளவு, ராவணன் வெட்டு, இண்டைக்கும் கிடக்கு, போய்ப் பாருங்க.

லைப்ரரிப் பூனை:

ஃபேன்டஸி எண்டு சொல்லேல்ல அண்ணே, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் எடுத்துச் சொல்லேக்க என்ன நடக்குது எண்டுதான் சொன்னன். அதோட ராவணன் வெட்டும் வால்மீகியில இல்ல. கம்பர்லயும் இல்ல. ஆனா நம்மட்டக் காட்டுறதுக்கு மலையே இருக்கே, ஆர் இல்லயெண்டுறது 😄

கிண்ணியா நானா:

ரேடியோ எண்டதும் கைய வச்சுக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சு. எங்கட ஊட்டுல கரண்ட் இல்லாத காலம், வாப்பாட ட்ரான்சிஸ்டர்தான் எல்லாம், பெட்டரி இறங்கினா வெயில்ல காய வச்சுத் திரும்பப் போடுவம். இலங்கை வானொலி நாடகத்துல குதிர ஓடுற சத்தம் ரெண்டு சிரட்டையத் தட்டி எடுக்கிறதெண்டு பிறகுதான் தெரியும், அப்ப எனக்கு அது மெய்யான குதிரதான், வெள்ளைக் குதிர, தம்பிக்குக் கறுப்பு. இதுக்கு நாங்க ரெண்டு பேரும் அடிபட்டு உம்மாட்ட வாங்கினதும் இரிக்கி.

பிபிசி நாடகம் கட்டாயம் கேக்க வைங்க. அரை மணித்தியாலப்படி 26 பகுதி, ப்ரையன் சிப்லியும் மைக்கல் பேக்வெல்லும் எழுதின. அதுல கதாநாயகன் ஃப்ரோடோவா நடிச்ச இயன் ஹோம்தான் 20 வருசம் கழிச்சு படத்துல கிழவன் பில்போவா வந்தவர். மகளுக்கு இதச் சொல்லுங்க, அந்தக் கிழவன்ட குரல்தான் இது, இப்ப வாலிபனாக் கேக்கிறாய் எண்டு. ஃப்ரோடோட தோழன் சாம் ஆர் தெரியுமா, நடிகர் பில் நை! ஆனா இங்கிலீசு கொஞ்சம் கடும், அவ படத்தப் பாத்து கதை தெரிஞ்சவ எண்டபடியாத் தாங்குவா. அப்ப முதல்ல படம் பாத்ததுலயும் ஒரு பிரயோசனம் இரிக்கிதானே.

இன்னொண்டு. பூனை சொன்ன மாத்துற கதைக்கு எங்கட பக்கத்து உதாரணம் அலிபாபா. 1956ல எம்ஜிஆர் நடிச்சது, தமிழ்ல முதல் முழுநீளக் கலர் படம், வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஊரே பாத்த. ஆயிரத்தொரு இரவுகள்ட மூலக்கதை எண்டுதான் நானும் நினைச்சிருந்தன், பாத்தா பழைய அரபு ஏடுகள்ல அலிபாபா இல்லவே இல்லயாம். 1709ல அலெப்போக்காரர் ஹன்னா தியாப் எண்டவர் பாரிஸ்ல வாயால சொல்லி, கலான் எண்ட ஃப்ரெஞ்சுக்காரர் தன்ட மொழிபெயர்ப்புல சேத்துக்கிட்ட. அப்ப எது மூலம், எது செருகினது?

மூதூர் கிழக்கு:

நான் கனக்க எழுதுறதில்ல, இதுக்கு மட்டும் எழுதுறன்.

பொம்படில் இல்லாததெல்லாம் எனக்குப் பிரச்சின இல்ல. படத்துல வெட்டின வேற ஒரு இடம் இருக்கு, கடைசியில. சண்டை முடிஞ்சு ஃப்ரோடோ, சாம் எண்டு நாலு பேரும் ஊருக்குத் திரும்பி வாறாங்கள், படத்துல ஊர் அப்பிடியே பச்சைப் பசேலெண்டு கிடக்கு, ஒண்டுமே நடக்காத மாதிரி, கடையில இருந்து குடிக்கிறாங்கள். புத்தகத்துல அப்பிடி இல்ல. மரம் எல்லாம் தறிச்சுக் கிடக்கு, வீடு இடிச்சுக் கிடக்கு, ஊருக்குள்ள போறதுக்கே ஆரோ கேட் போட்டுத் தடுக்கிறான், சொந்த ஊருக்குள்ள போக ஏன் உன்னட்டக் கேக்கோணும் எண்டு இவங்கள் ஏறிப் பாய்ஞ்சு போறாங்கள்.

நாங்க சம்பூர். 2006ல யுத்தத்துக்குள்ள உடுத்த உடுப்போட வெளிக்கிட்ட ஆக்கள். பத்து வருசம் முகாமும் சொந்தக்காரர்ட வீடும் எண்டு திரிஞ்சு திரும்பிப் போகேக்க எங்கட வளவுல கிணறு மட்டும்தான் மிச்சம், அதுவும் தூர்ந்து. மாவும் இல்ல, பலாவும் இல்ல, எல்லை எது எண்டே அப்பாவுக்குப் பிடிபடேல்ல, கிணத்த வச்சுத்தான் குசினி எங்க இருந்தது எண்டு காட்டினார். அந்த அதிகாரத்த நான் கம்பஸ்ல இருக்கேக்க வாசிச்சன், இங்கிலாந்துல இருந்து ஒரு கிழவன் எங்கட வளவ எப்பிடிப் பாத்தான் எண்டு இருந்துது. சாமுக்கு கலாட்ரியேல் எண்ட எல்ஃப் ராணி ஒரு பெட்டி மண் குடுத்து விடுவா, படத்துல அதுவும் இல்ல, அவன் அத ஊர் முழுக்கத் தூவி மரம் வைப்பான். அம்மா வந்த அண்டே பக்கத்து ஊர்ல இருந்து முருங்கைத் தடி ரெண்டு வெட்டிக்கொண்டு வந்து நட்டவ. குந்த நிழல் இல்லாத இடத்துல முதல் வேலை அதுதான்.

படம் பிழை எண்டு சொல்ல வரேல்ல, மூண்டாவது படம் 11 ஒஸ்கார் எடுத்தது, நானும் அழுதுதான் பாத்தன். ஆனா மாத்தினது மட்டுமில்ல பூனை, வெட்டினதும் நிக்கும். அந்தப் படத்தப் பாத்து வளர்ந்த ஆக்களுக்கு ஊர் காத்துக்கொண்டே இருக்கும், நாங்க போனாச் சரி. பிபிசி நாடகத்துல அந்த இடத்த வெட்டேல்ல, இருக்கு. மகளுக்கு வேற ஒண்டும் கேக்க வைக்காட்டியும் அத மட்டும் கேக்க வைங்க அண்ணா.

டச்பே காத்து:

மூதூர் கிழக்கு, நீங்க எழுதினத மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அந்த அக்கா வீட்டு முருங்கை இப்ப எவ்வளவு உயரம் எண்டு கேக்கச் சொன்னா. அக்காவோ அண்ணாவோ தெரியாது, அவவே முடிவு கட்டிட்டா.

நானா, நாடகம் தொடங்கியாச்சு, ரெண்டு பகுதி முடிஞ்சுது. இனி அடுத்த பஞ்சாயத்து. 1981 நாடகத்துலயும் பொம்படில் இல்லயாமே! அந்த ஆள 1992ல தனியா வேற ஒரு தொடர்ல பிபிசி போட்டதாம். அதுக்கெல்லாம் முதல் 1955ல பிபிசி செய்த வேற ரேடியோ நாடகத்துல அவரப் போட்டதுக்கு, டோல்கீனே அதக் கேட்டுத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் இப்ப "பாத்தீங்களா, படமும் இல்ல, ரேடியோவும் இல்ல, ரெண்டுக்கு ஒண்டு" எண்டு தீர்ப்புச் சொல்லிட்டா.

ஆனா மூண்டாம் பாகத்தத்தான் இப்பவே வேணுமாம், ஊர் திரும்பி வாற, கடைசிக்கு முதல் அதிகாரத்த முதல்ல வாசிக்கப் போறாவாம். திருகோணமலையில ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்க, ரெண்டு கிழமைக்கு இரவல் எடுத்துட்டுத் தாறன், அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல.